பழங்காடு என்கிற சொல்

1

எங்கள் பக்கத்தில் காடு என்றால் விளைநிலம். 'காட்டுக்குப் போயிருக்கான்' என்று கயத்தாற்றில் யாராவது சொன்னால், ஆள் உளுந்துக்கோ பருத்திக்கோ களையெடுக்கப் போயிருக்கிறான் என்று அர்த்தம். மரம் அடர்ந்த இடத்துக்கு எங்களிடம் தனிச்சொல் கிடையாது. அதை மலை என்போம். மேற்கே, மழை இல்லாத சாயங்காலங்களில், நீலமாக ஒரு கோடு தெரியும். அதுதான் மலை. ஜூன் மாதத்தில் அந்தக் கோடு மேகத்துக்குள் போய்விடும். மேகம் தன்னிடம் உள்ளதையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் காற்றை மட்டும் செங்கோட்டைக் கணவாய் வழியே எங்களுக்கு அனுப்பும். ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகள் சுற்றுவது அதில்தான்.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நம் சிறுபத்திரிகைக் கவிதைகளைப் படிக்கிறபோது ஒரு விஷயம் தொடர்ந்து உறுத்துகிறது. ஆதிவனம், மூடுபனி, பாசி படர்ந்த மௌனம் - இவை நம் கவிஞர்களுக்கு மிகச் சுலபமாகக் கைவருகின்றன. எழுதுகிறவர் சென்னையில் அரசு அலுவலகத்திலோ, என்னைப்போல் ஏதோ ஒரு வங்கிக் கிளையிலோ இருப்பார். அது குற்றமில்லை. சங்கப் புலவர் எல்லோரும் மலையேறிவிட்டுத்தான் குறிஞ்சி பாடினார்கள் என்று நினைக்க முகாந்திரம் ஏதும் இல்லை. ஆனால் குறிஞ்சி என்பது ஒரு மரபு என்று பாடியவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். நம்முடைய ஆதிவனமோ, மரபு என்று தன்னை ஒப்புக்கொள்வதில்லை. அது நேரடி அனுபவம் என்ற பாவனையில் வருகிறது. சரித்திரத்துக்கு வெளியே, மனிதன் கால் படாத ஓர் இடம் இருக்கிறது, கவிஞனின் பிரக்ஞை அங்கே போய்த் திரும்பியிருக்கிறது என்று நம்பச் சொல்கிறது.

அப்படி ஓர் இடத்துக்குப் பேர்பெற்ற காடு ஒன்றுக்குள் ஒரு பகல் நடந்ததை முன்வைத்துச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

2

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல், ஓட்டன் சமவெளி இருக்கிறது. 1831 முதல் 1837 வரை கவர்னராக இருந்த வில்மட் ஹார்ட்டனின் பெயர். சிங்களத்தில் மகா எலிய. 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் வேறு இரண்டு பகுதிகளோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சொத்துப் பட்டியலில் இடம் பெற்றது. மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் அங்கே தலையூற்று உண்டு.

என் பாட்டனாரின் தமையன் குடும்பம் கண்டிச்சீமைக்குப் போன குடும்பம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அதில் பாதி இந்தியா வந்தது, பாதி தலவாக்கலைப் பக்கம் தங்கிவிட்டது. தங்கியவர்களின் பேரன் ஒருவன் வேன் ஓட்டுகிறான். தம்பி முறை. சென்ற ஆண்டு பிப்ரவரியில் விடியுமுன் அவன்தான் என்னைப் பட்டிப்பொல வழியாக மேலே கொண்டுபோனான். பட்டிப்பொல, இலங்கை ரயில் பாதையிலேயே உயரத்தில் இருக்கிற ஸ்டேஷன். டிக்கெட் கவுண்டரில் என்னை வெளிநாட்டான் என்று பதிந்துகொண்டார்கள். பையில் பாலிதீன் இருக்கிறதா என்று துழாவினார்கள்.

முதலில் வருவது காடு அல்ல, புல்வெளி. தோட்டத் தமிழில் இதற்குப் பத்தனை என்று பெயர். சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. புல்லின் நுனியில் இரவின் உறைபனி இன்னும் வெள்ளையாக இருந்தது. மரையொன்று சாலையோரம் நின்று எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் மிளா என்கிறோமே, அதுவேதான். மரை என்ற பழைய சொல் எங்களுக்கு அகராதியோடு போய்விட்டது. அங்கே வேன் ஓட்டுகிறவன் வாயில் சாதாரணமாக இருக்கிறது.

காடு பள்ளங்களிலும் சரிவுகளிலும் ஒதுங்கி நிற்கிறது. பழங்காடு என்றதும் நாம் மனத்தில் வைத்துக்கொள்ளும் கோபுர உயரமான மரங்கள் இங்கே இல்லை. காற்றும் குளிரும் மரத்தை உயர விடுவதில்லை. கட்டையாக, முறுக்கிக்கொண்டு, தலைப்பக்கம் குடைபோல் தட்டையாக விரிந்த மரங்கள். இலை சிறியது, தடித்தது. கீன என்று சிங்களத்தில் சொல்லப்படும் மரம், நாவல் இனத்து மரங்கள், காட்டுக் கறுவா. அடிமரத்தில் பட்டையைப் பார்க்க முடியாதபடி பாசி. கிளைகளிலிருந்து நரைத்த தாடியாய்த் தொங்கும் கற்பாசி வகை. கீழே நெலுச் செடிகள். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் பூத்து, காய்த்து, ஒரே சமயத்தில் மடிகிற செடி. நம் குறிஞ்சியின் இனம். நான் போனபோது பூ இல்லை. இரண்டாயிரம் வருஷமாக ஒரு திணையின் பெயராக இருந்துவரும் செடியின் உறவுக்காரியை, வெறும் இலையும் தண்டுமாக, முழங்கால் உயரத்தில் முதன்முதலாகப் பார்த்தேன்.

மழை பெய்யவில்லை. ஆனாலும் காடு முழுவதும் சொட்டிக்கொண்டிருந்தது. மேகம் மரங்களுக்கு ஊடாகப் போகிறபோது இலையும் பாசியும் அதிலிருந்து நீரைச் சீவி எடுத்துக்கொள்கின்றன. மழைமானியில் விழாத நீர் இது. கால் வைத்த இடமெல்லாம் கறுத்த, பஞ்சுபோன்ற மண். எங்கள் கரிசலும் கறுப்புதான். வெயிலில் அது ஒரு முழம் வெடித்துக் கிடக்கும்.

ஒன்பது மணிக்கு 'உலக முடிவு' என்று பெயர் வைத்திருக்கும் விளிம்புக்கு வந்தோம். ஏறத்தாழ 880 மீட்டர் நேர் பள்ளம். கீழே ஒரு தேயிலைத் தோட்டம், லயத்துத் தகரக் கூரைகள், ஒரு கோயில். அதற்கும் அப்பால் தெற்கே சமநிலம். பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தது. முதலில் சமநிலம் போயிற்று. பிறகு கோயில், கூரைகள். பிறகு என் முன்னால் நின்ற ஜெர்மன்காரர்கள். ஒரு நிமிஷத்தில் ஒரு மரம் மட்டும் மிச்சம் இருந்தது, பின்னணியே இல்லாமல்.

அந்த மரத்தை நான் நீண்ட நேரம் பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அது அழகாக இருந்தது. ஒரு பொருளை அதன் சூழலிலிருந்து வெட்டி எடுத்து வெள்ளைத் தாளில் நிறுத்துவது; சுற்றிலும் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு இருப்பை மட்டும் காட்டுவது; நவீன கவிதை படிமம் என்று எதைச் சொல்கிறதோ, மூட்டம் அதை இலவசமாகச் செய்து கொடுத்துவிடுகிறது. நம் கவிஞர்களுக்கு மூடுபனி ஏன் இவ்வளவு பிரியமானது என்பது அங்கே புரிந்தது. அது செய்கிற காரியத்தில் அழித்தலும் சேர்ந்தது என்பதும் புரிந்தது. அன்றைக்கு அழிந்தவற்றில் லயத்துக் கூரைகளும் இருந்தன.

தம்பி வேனில் கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிரித்துக்கொண்டே கேட்டான். "உங்க ஊர்ல காடு இருக்காண்ணே?"

"இருக்கு. உளுந்து போட்டிருக்கு."

அவன் சிரிக்கவில்லை. "அப்ப அது தோட்டந்தானே" என்றான்.

3

இந்தக் காடு இன்றைக்கு இங்கே நிற்பதற்குக் காரணம் மனிதன் கால் படாதது அல்ல. ஒரு கோப்பில் எழுதப்பட்ட குறிப்பு.

1840இல் பிரிட்டிஷ் அரசு நிலச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடியரசின் சொத்து என்றாயிற்று. அந்த நிலம் காப்பி போட வந்த துரைமாருக்கு ஏக்கர் கணக்கில் விற்கப்பட்டது. காட்டை அழிக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டி நிறுத்திக்கொண்டே மேலே போவார்கள். உச்சி வரிசையை முழுக்க வெட்டிச் சாய்த்தால் அது அடுத்த வரிசைமேல் விழும், அந்த வரிசை அதற்கும் கீழே உள்ளதன்மேல். ஒரு மலைச்சரிவு முழுவதும் சில நிமிஷங்களில் படுத்துவிடும். பிறகு காயவிட்டுத் தீ வைப்பது. கோடாலி வேலை பெரும்பாலும் சிங்களக் கிராமத்தாருக்கு ஒப்பந்தத்தில் போனது. தீ அணைந்த பிறகு கிடப்பதைத் தறித்து ஒதுக்குவது, குழி எடுப்பது, பாதை வெட்டுவது, நடுவது, பறிப்பது நம்மவர் வேலை. 1870களின் இறுதியில் காப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் நின்றது.

நம்மவர் போன வழியும் காட்டு வழிதான். ராமேஸ்வரம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் படகேறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடை. காலராவிலும் அம்மையிலும் பசியிலும் விழுந்தவர்கள் பாதையோரமே கிடந்தார்கள். பிற்பாடு தூத்துக்குடி - கொழும்பு கப்பல் வழி முக்கியமாயிற்று. மண்டபம் முகாம் வருவதற்கு முன், கப்பலேறப் போகிறவர்களை நோய் பார்த்து அடைத்து வைத்த முகாம், தூத்துக்குடி ரயில் பாதையில் உள்ள தட்டப்பாறையில் இருந்தது. இன்றைக்கு மணியாச்சியில் வண்டி மாறித் தூத்துக்குடி போகிறவனுக்கு அது ஜன்னலுக்கு வெளியே கடந்துபோகும் ஒரு பெயர்ப் பலகை.

1869இல் காப்பி இலையில் ஆரஞ்சு நிறத்தில் துரு கண்டது. பூஞ்சண நோய். பத்துப் பதினைந்து வருஷத்தில் காப்பி முடிந்தது. அதற்கு முன்பே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். காப்பி நின்ற இடத்தில் தேயிலை வந்தது. இதற்கு நடுவே 1873இல், கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள காட்டை அழிக்கக் கூடாது என்று ஆலோசனை சொன்னார். ஆற்று நீரும் மழையும் பாதிக்கும் என்பது அவர் சொன்ன காரணம். கீழே தோட்டங்களுக்குத் தண்ணீர் வேண்டும். அந்த வரம்பை மீறியும் தேயிலை ஏறியது. ஆறாயிரம் அடியில் உள்ள நுவரெலியாவைச் சுற்றிப் பார்த்தால் தெரியும். ஆனாலும் அந்தக் குறிப்பின் பலத்தில் தப்பியவற்றில் ஒன்று நான் நடந்த காடு. அதன் தொன்மைக்கு ஒரு நிர்வாக எல்லை இருக்கிறது. எல்லைக்கு ஒரு வருஷமும் உண்டு.

அதற்கும் முன்னே போனால்? ஓட்டன் சமவெளியின் சதுப்பில் படிந்த மகரந்தத்தை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்தவர்கள், பத்தாயிரம் வருஷத்துக்கும் முன்பே அங்கே மனிதர் தீ வைத்து, மேய்த்து வந்ததற்கு அடையாளம் காண்பதாகச் சொல்கிறார்கள். ஆதி என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் புழங்க இதுவே போதும்.

4

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, தலைமுறை தலைமுறையாக, இந்தக் காட்டுக்கு மிக அருகில் வாழ்ந்த தமிழர்கள் காட்டைப் பற்றி என்ன சொன்னார்கள்?

தலவாக்கலையில் தம்பியின் அம்மாயி இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். கொழுந்து எடுத்த விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. மேலே போய்வந்தோம் என்றதும் "அட்ட கடிச்சிச்சா?" என்று கேட்டார். காடு எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், சின்ன வயதில் காட்டுக்குள் போயிருக்கிறீர்களா என்று.

"வெறகுக்குப் போவோம். மூட்டம் எறங்குனா ஓடி வந்துருவோம். மூட்டத்துல பேரு கூப்புட்டா திரும்பக் கூடாதும்பாங்க."

"காடு எப்படி இருக்கும், அம்மாயி?"

"எப்புடி இருக்கும்? மரமா இருக்கும். பேரு வெட்டுனப்புறம் வருசக்கணக்கா நாட்டு எம்பஸிக்காரன் வருவான்னு ஒக்காந்திருந்தோம். மரத்தயா பாத்தோம்?"

பேரு வெட்டுனது என்று அவர் சொன்னது 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் வந்த காலத்தை. நாடற்றவர் ஆக்கப்பட்டவர்களை 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் எண்ணிப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இந்த எண்களின் வட்டம் புரியும். கணக்கு முடியாதபோது மீதியைத் தனித் தலைப்பில் வைப்பது எங்களுக்கும் பழக்கம்.

இலக்கியத்தில் தேடினாலும் இதேதான். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' எங்கள் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதை. அதன் அக்கறை மனுஷர்கள்மேல், அவர்கள்மேல் நடந்த கொடுமைமேல். சி.வி. வேலுப்பிள்ளை மலையகத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். நான் படித்த வரையில், அந்தப் பாடல்களில் கங்காணியும் துரையும் கொழுந்துக் கூடையும் விட்டுவந்த ஊரும் வருகிற அளவுக்குக் காடு வருவதில்லை. வந்தாலும் அது குளிராக, அட்டையாக, வழியாக வருகிறது. தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்க, தொழிலாளர் தங்களுக்குள் தமிழ்ப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டார்கள்; பெர்குசன் டைரக்டரி இவற்றைப் பட்டியலே போட்டது. தோட்டத்துக்குப் பெயர் வைத்தவர்கள் தலைக்கு மேலே நின்ற காட்டுக்கு வைக்கவில்லை.

இதை மௌனம் என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். நம் வட்டத்தில் மௌனம் உயர்ந்த சொல். அதைச் சொல்லிவிட்டால் விமர்சனம் முடிந்துவிடும். ஆனால் அம்மாயி மௌனமாக இருக்கவில்லை. நான் கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னார். மரத்தைப் பார்க்க ஓர் ஓய்வு வேண்டும், அந்த ஓய்வு அவருக்கு இல்லை. காட்டை அழகாகப் பார்ப்பதற்கு முதலில் அந்தக் காட்டால் நமக்கு ஒன்றும் ஆக வேண்டியிருக்கக் கூடாது. மூட்டத்தில் தனித்து நின்ற மரத்தை நான் பார்த்த பார்வைக்குப் பின்னால் மாதச் சம்பளமும் திரும்பிப்போக டிக்கெட்டும் இருந்தன. இதனால் அந்தப் பார்வை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு விலாசம் உண்டு, கவிதை அந்த விலாசத்தை மறைக்கக் கூடாது என்கிறேன்.

5

இந்தக் காட்டுக்கும் எங்கள் மேற்கு மலைக் காட்டுக்கும் உறவு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே உயிரினச் செழிப்பு வட்டாரமாகத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில், கடைசியாகச் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை, இரண்டுக்கும் நடுவே நிலம் இருந்தது. நடந்தே போயிருக்கலாம். ஆனால் 2004இல் வெளியான ஓர் ஆய்வு ஆச்சரியமான ஒன்றைக் காட்டியது. நன்னீர் நண்டு, மரத்தவளை, கேடயவால் பாம்பு போன்ற ஈரக்காட்டு உயிர்களில், இரண்டு பக்கத்து இனங்களும் பெரும்பாலும் தனித்தனியாகவே கிளைத்து வளர்ந்திருக்கின்றன. பாலம் இருந்தும் அதிகம் கடக்கவில்லை. நடுவே கிடந்த வறண்ட சமநிலம் அவற்றுக்குத் தடையாக இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

அந்த வறண்ட நிலம் எங்களுடையது. ஒரு மரத்தவளையின் கணக்கில் தீவு என்பது நீர் சூழ்ந்த நிலம் அல்ல. வெயில் சூழ்ந்த ஈரம். அந்தக் கணக்கில் அகத்தியமலை ஒரு தீவு, ஓட்டன் சமவெளி ஒரு தீவு, கயத்தாறு கடல். தவளை கடக்காத அந்த வெயிலை எங்கள் ஆட்கள் கடந்தார்கள். காற்றின் பெயரையும் கடத்திக்கொண்டார்கள்: வறண்டு வீசும் மேற்குக் காற்று தூத்துக்குடிக் கரையிலும் கச்சான், இலங்கைத் தமிழிலும் கச்சான்.

கடந்து போனவர்கள் திரும்பியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பிறகு அது டான்டீ ஆயிற்று. அதற்கும் இடம் காட்டிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அங்கே காடிருந்த இடத்தில் தேயிலை வளர்த்தவர்கள் இங்கேயும் காடிருந்த இடத்தில் தேயிலை போட்டார்கள். 2022இல் அந்த நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. என் அத்தை ஒருத்தி கூடலூர்ப் பக்கம் அப்படி ஒரு தோட்டத்து வீட்டில் இருக்கிறாள். வீடு யாருடையது என்பது அவளுக்கு இன்னும் நிச்சயம் இல்லை.

எங்கள் மேற்குக் கோட்டில் மாஞ்சோலை இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கர், 1929 முதல் 99 வருஷக் குத்தகை. 2028இல் முடிகிறது. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும் கைதானவர்களின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கி 17 பேர் செத்தது இந்தத் தோட்டத்துப் போராட்டத்தில்தான். 2024இல் தொழிலாளரை விருப்ப ஓய்வில் அனுப்பும் வேலை தொடங்கியது. தேயிலை இனி மெல்லக் காடாகும். நல்ல காரியம், மழைக்கும் ஆற்றுக்கும் நல்லது, தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற எங்களுக்கும் நல்லது. நான்கு தலைமுறையாக அங்கே பிறந்தவர்கள் சமநிலத்தில் வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அதே காரியத்தின் மறுபாதி.

ஓட்டன் சமவெளிக் காட்டில் கீன மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. சில பத்தாண்டுகளாகவே கவனித்து வருகிறார்கள்; காரணம் பற்றி ஆராய்ச்சியாளர்களிடையே ஒற்றைக் கருத்து இல்லை. இலை உதிர்ந்த வெள்ளை மரங்கள் மூட்டத்தில் மிக அழகாகத் தெரிகின்றன. என்னோடு வந்த பயணிகள் அவற்றைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள்.

மாஞ்சோலையில் காடு திரும்பி மூட அறுபது எழுபது வருஷம் ஆகலாம். பாசி படரும். மூட்டம் எப்போதும் போல இறங்கும். அன்றைக்கு அங்கே போகிற ஒரு தமிழ்க் கவிஞன், கால் இடறிய இடத்தில் ஒரு லயத்து அஸ்திவாரக் கல்லைப் பார்ப்பான். அதைக் கவிதையில் வைத்துக்கொள்வானா, ஆதிவனத்துக்கு இடைஞ்சல் என்று விட்டுவிடுவானா என்பது, அந்தச் சொல்லை இன்றைக்கு நாம் எப்படிப் புழங்குகிறோம் என்பதையும் பொறுத்தது.